கால் நீட்ட இடம்

பழைய கார்களின் கூரைகளில் மாலை வெயில் வழுக்குகிறது. விபத்துக்குப் பிறகு அத்தானுக்கு வலது கால் மடங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸில் ஏற முடியவில்லை. எங்கள் பணத்துக்குள், பெட்ரோல் குடிக்காத வண்டி இந்தக் குட்டிச் சிவப்புக் கார் ஒன்றுதான். முன் இருக்கையைப் பின்னால் தள்ளிப் பார்க்கிறேன். எனக்குத்தான் தள்ளத் தெரியவில்லையோ என்னவோ, இதற்குமேல் நகர மறுக்கிறது. "படுத்துத் தூங்கவா வாங்குறீங்க?" என்று தரகர் சிரிக்கிறார். அத்தான் இரண்டு கைகளாலும் காலைத் தூக்கி உள்ளே திணிக்கிறார். "சாத்துடா மச்சான்." சாத்துகிறேன். பாதி இறங்கிய கண்ணாடியைப் பிடித்திருக்கும் அத்தானின் விரல்கள் வெளுக்கின்றன. "சௌகரியமா இருக்கா?" என்று அக்கா குனிகிறாள். "ராஜா மாதிரி இருக்கேன். இதையே பேசி முடி," என்கிறார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "ஆனா மொதல்ல கதவத் தெறக்கச் சொல்லு."