கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"யாமா! ஏய் யாமா! ஜன்னலைத் திற. மரவள்ளிக்கீரைக் குழம்பு ஆறிப்போனா நாய்கூடத் தின்னாது!"

யாமாவின் வீட்டைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று லோர்ப்பு கத்தினாள். அவள் குரலுக்குச் சந்தையே திரும்பிப் பார்க்கும். காவலுக்கு நின்ற சிப்பாய் டோக்பா காதைப் பொத்திக்கொண்டான். தலைநகர் மன்ரோவியாவிலிருந்து இந்த ஊருக்குப் புதிதாக வந்தவன்.

"தினமும் வந்து கத்தறியே அக்கா, உனக்கு வேற வேலையே இல்லியா? எபோலா வீடு இது. இவ புருஷனை வெள்ளை உடுப்புக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க, சாம்பல்கூடத் திரும்பி வரல. இவங்க சபை ஆளுங்களே இந்தத் தெருப் பக்கம் தலைவச்சுப் படுக்கறதில்ல."

"பாஸ்டர் பயப்படறார். பயப்படட்டும், பாவம், பிள்ளைகுட்டிக்காரர்."

"ஏன், உனக்குப் பிள்ளைங்க இல்லியா? அதுங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"என் பிள்ளைங்களுக்கு இனிமே எதுவும் ஆகாது."

"அடேயப்பா! விசுவாசம்னா இப்படியில்ல இருக்கணும்!" டோக்பா சிரித்தான்.

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. யாமாவின் உதடு வெடித்திருந்தது. அவள் லோர்ப்புவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை.

"வச்சிட்டுப் போ. உன்னை யாரு வரச் சொன்னா? அதுவும் நீ..."

"நேத்து வச்சதைத் தின்னியா, இல்ல எலிக்குப் படைச்சியா?"

யாமா அழுதாள். "என்னால முடியல. காட்டு வழியா எங்கக்கா ஊருக்கு ஓடிடப்போறேன்."

"ஓடி? அவ வீட்டைச் சுத்தியும் கயிறு கட்ட வைக்கவா? பேசாம உள்ளேயே இரு. ஜெபம் பண்ணு. பைபிள்ல பவுல் ஜெயில்ல கிடந்தப்போகூடப் பாடினார்."

"அவருக்குப் பக்கத்துல சீலா இருந்தார், கூடச் சேர்ந்து பாட. எனக்கு யாரு இருக்கா?"

லோர்ப்பு தெருவில் நின்றபடியே ஒரு பாட்டை எடுத்தாள். சுருதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டாவது அடிக்கு உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் சேர்ந்துகொண்டது.

"இதுக்கு எபோலாவே தேவலை" என்றான் டோக்பா.

மறுநாள் எத்தனை கத்தியும் யாரும் வரவில்லை. கயிற்றின் மேல் எம்பி, ஜன்னல் இடுக்கில் பார்த்தாள் லோர்ப்பு. யாமா வாந்தியிலேயே சுருண்டு கிடந்தாள். தண்ணீர் வாளி எட்டாத மூலையில் இருந்தது.

"ஆம்புலன்சுக்குச் சொன்னியா தம்பி?"

"காலையிலேயே சொல்லியாச்சு. நாளைக்குத்தான் வருமாம்."

"அதுவரைக்கும் ஒரு வாய் தண்ணி?"

"யாரு குடுக்கறது? நானா? எனக்கு உசிரு வேண்டாமா?"

லோர்ப்பு தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள். கயிற்றைத் தூக்கினாள்.

"தாண்டாதே! சுட்டுடுவேன்!" டோக்பா துப்பாக்கியை நீட்டினான்.

"சுடணும்னா சுடு. எபோலாவுக்குப் பயந்து மட்டும் சுடாதே. அது எனக்கு வந்து போயிடுச்சு. ஒருதரம் வந்து பிழைச்சவங்களுக்கு மறுபடி வராதுன்னு டாக்டரே சொன்னார்."

டோக்பா பதறிப் பின்னால் போனான். "உனக்கா? யார்கிட்டேர்ந்து வந்துச்சு?"

லோர்ப்பு வாசற்படியில் நின்று, உள்ளே கிடந்தவளை மோவாயால் காட்டினாள்.

"இவ அம்மாகிட்டேர்ந்து. உண்மையைச் சொன்னா கழுவாம எரிச்சிடுவாங்கன்னு, காய்ச்சலை மறைச்சு, ரத்தக் கொதிப்புல செத்தாங்கன்னு சொல்லி, பிணத்தைக் குளிப்பாட்ட இவதான் என்னைக் கூப்பிட்டா. குளிப்பாட்டினேன். வீட்டுக்குப் போய் என் பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டினேன். நான் பிழைச்சேன். மூணு பிள்ளைங்களும் பிழைக்கல."

துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது. "அப்புறம் எதுக்கு அக்கா... தினமும்?"

"முத நாள் இவ சாகறதைப் பார்க்கத்தான் வந்தேன் தம்பி. வந்து பார்த்தா, என்னை மாதிரியே இவளுக்கும் யாரும் இல்ல."

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, யாமாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வாயைத் திறடி. சீலா வந்திருக்கேன்."