கழுவாத ரோல்

"சார், உன்னாண்ட ஒரு போட்டோ கீதாமே?"

கதவைத் திறந்த கார்த்திகேசன் ஓரடி பின்வாங்கினார். வாசலில் நின்றவன் நல்ல உயரம். சவரம் காணாத முகம், கழுத்தில் சிவப்புத் துண்டு, ரத்தமாய்ச் சிவந்த கண்கள். வெளியே ஆட்டோவில் இன்னும் இரண்டு பேர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் என்கிறான், அதே மூச்சில் உன்னாண்ட என்கிறான். மரியாதையா, மிரட்டலா? மதுரைப் பக்கமிருந்து ஆவடி ஃபாக்டரி வேலைக்கு வந்த மனுஷனுக்கு அது எங்கே பிடிபடும்?

"எந்தப் போட்டோ?"

"ஏரிக்கரை ரோட்டாண்ட, சனிக்கெழம காலைல. அந்த லாரி போசொல்ல நீ போட்டோ புட்ச்சத டீக்கடை அக்கா பாத்துச்சாம். உள்ள வரலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். சமையலறை வாசலில் நின்ற மனைவி சுசீலாவின் முகம் வெளுத்தது.

பாவம், அவள் அன்றிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். பனியில் ஏரி அழகாக இருக்கிறதென்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போன புருஷன், ஸ்கூட்டரை இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய லாரியையும் படம் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் வேறென்ன செய்வாள்? பார்த்தது யார் யாரென்று லாரி முதலாளியின் ஆட்கள் விசாரிக்கிறார்களாம். காய்கறி விற்பவள் சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் போன மகள் மதிவதனி இன்னும் வீடு திரும்பவில்லை.

பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். கார்த்திகேசனுக்கோ கேமரா பேச்சு பீறிட்டு வரும். மேசைமேல் இருந்த புதுக் கேமராவை எடுத்து நீட்டினார்.

"இது டிஜிட்டலுங்க. இப்பத்தான் வாங்கினேன். வேணும்னா பாருங்க, லாரி படமே இல்ல. நல்ல கேமராதான், குறை சொல்லக் கூடாது. ஆனா ஒவ்வொரு தடவையும் எடுத்ததும் பின்னாடி திரையப் பார்க்கச் சொல்லும். பார்த்துட்டு நிமிர்றதுக்குள்ள எதிர்ல இருக்கறது போயிடும். ஃபிலிம்னா அப்படியில்ல, யோசிச்சு யோசிச்சு எடுக்கணும். அதான் பனி, மழைன்னா இன்னமும் பழசத்தான் தூக்கிட்டுப் போறேன்."

"அப்ப அன்னிக்கி பழசுலதான் எட்த்தியா?"

சொல்லித் தொலைத்துவிட்டோமே என்று கார்த்திகேசன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"காட்டு சார்."

"காட்ட முடியாதுங்க. ரோல் இன்னும் உள்ளதான் இருக்கு. கழுவினாத்தான் படம் தெரியும்."

"அப்ப யாரும் பாக்கல. போலீசாண்டயும் போவல?"

"சத்தியமாப் போகலீங்க."

"நம்பரு தெரியுமா அதுல?"

பொய் சொல்லலாம்தான். அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "பின்பக்கத்துலேருந்து எடுத்தேன். தெரியும்னுதான் நினைக்கிறேன்."

வந்தவன் முன்னால் சாய்ந்தான். குரல் தாழ்ந்தது. "அந்த ரோட்ல வேற கேமரா ஒண்ணும் கெடயாது சார். உன்னுது ஒண்ணுதான்."

கார்த்திகேசன் புதுக் கேமராவை மேசைமேல் திரும்ப வைத்தார்.

"டிஜிட்டல்ல அழிஞ்சாக்கூட திருப்பி எட்த்துர்லாமாமே. ரோலு எப்டி?"

"வெளிச்சம் பட்டா அவ்வளவுதான். அப்புறம் யாராலயும் மீட்க முடியாது."

வந்தவன் அலமாரியில் இருந்த பழைய கேமராவையே வெறித்துப் பார்த்தான். "சார், நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது."

அவன் கண்கள் சுவருக்குப் போயின. அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தில் இரட்டைப் பின்னலோடு மதிவதனி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உன் பொண்ணா சார்?"

"ஆமா."

"ஸ்கூல்லேந்து ஒண்டியாவா ஊட்டுக்கு வருது?"

"என்னங்க, அந்தச் சனியன் நமக்கு வேண்டாம்" என்றாள் சுசீலா. அழுகையில் குரல் உடைந்தது.

கார்த்திகேசன் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். திரையை விலக்கினார். நல்ல வெயில். குமிழை இழுத்ததும் பின்மூடி திறந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் தெரியாமல்கூட அவர் செய்யாத காரியம் அது.

"சார், சார், இன்னா பண்ற நீ?" வந்தவன் பாய்ந்து எழுந்தான்.

அவன் கிட்டே வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் கார்த்திகேசன் கைக்கு வந்த வேகத்தில் உருவினார். மொத்த ஃபிலிமும் வெயிலில் சுருள் சுருளாய்த் தரையில் விழுந்தது.

"பாத்துக்கங்க. இனிமே அந்தக் கடவுளே வந்தாலும் நம்பர் தெரியாது. உங்க முதலாளிகிட்ட சொல்லிடுங்க, இவன்கிட்ட ஒண்ணுமில்லேன்னு. என் பொண்ண மட்டும் விட்டுடுங்க."

வந்த மனிதர் தரையில் மண்டியிட்டார். கழுத்துத் துண்டை உருவி ஃபிலிமின்மேல் போட்டு, துளி வெயில் படாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"எனுக்கு ஏது சார் முதலாளி?" என்றார். "லாரி இட்ச்சிட்டுப் போச்சே, அந்த ஸ்கூட்டர்ல வந்தது எம் பொண்ணு சார்."