இன்னும் கொஞ்சம் இறக்குங்க!

“இன்னும் கொஞ்சம் இறக்குங்க!”

சக்கரங்களைக் கழற்றிவிட்ட ஆபீஸ் நாற்காலியின் அடியிலிருந்த கைப்பிடியைக் கணவன் இழுத்தான். மேலே உட்கார்ந்திருந்த மனைவியோடு நாற்காலி புஸ்ஸென்று இறங்கியது.

“போதுமா?”

“போதாது. அடிவரைக்கும் போகணும்.”

“விளையாடாதே. நேத்து வெச்ச உயரமே போதும்.”

“பயந்தாங்கொள்ளி! இழுங்க சொல்றேன்!”

அவன் இழுத்தான். நாற்காலி அடிமட்டத்துக்குப் போய் நின்றது. அடுத்த நிமிடம் இருவரும் போட்ட கூச்சலில் கட்டடமே அதிர்ந்தது.

யாரோ கதவைத் தடதடவென்று தட்டினார்கள். திறந்தால், போன வாரம் கீழ் வீட்டுக்குக் குடிவந்த அம்மா இடுப்பில் கைவைத்து, உள்ளே இருந்த நாற்காலியை முறைத்தபடி நின்றிருந்தார்.

“ஏன் தம்பி, தினமும் ‘இறக்குங்க, இறக்குங்க’ன்னு இதே கும்மாளமா? நாற்காலியை ஏத்தி இறக்கி விளையாட நீங்க என்ன பச்சைக் குழந்தைங்களா?”

“மன்னிச்சுக்குங்கம்மா, டாக்டர் சொன்ன பயிற்சி இது. உயரமா உட்கார்ந்தா எந்திரிக்கிறது சுலபம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும்.” அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “விபத்துக்கப்புறம் இவளால எந்திரிச்சு நிக்கவே முடியாதுன்னு எல்லாரும் கைவிரிச்சுட்டாங்க. இன்னிக்கு அடியிலேருந்து தானா எந்திரிச்சுட்டாம்மா!”

வந்தவரின் கோபம் போன இடம் தெரியவில்லை. விறுவிறுவென உள்ளே வந்தவர், நாற்காலிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“எங்கே கண்ணு, இன்னொரு தடவை எந்திரி. நானும் பார்க்கணும்!”