எண்ணூறு வாசகிகள்

“வந்துடுச்சு! கடைசி அத்தியாயம் வந்துடுச்சு!”

அசாபே கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியதும், முற்றத்தில் இருந்த பெண்கள் கஞ்சிக் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு அவளை மொய்த்துக்கொண்டார்கள். மறுநாள் கானோவிலிருந்து அவளுக்கு ஹஜ் விமானம். வழியனுப்ப வந்தவர்கள் அதையே மறந்துபோனார்கள்.

“சத்தமா படிங்கக்கா! அந்தப் பாவி மனுஷன் திரும்பி வந்தானா இல்லையா?” என்றாள் பக்கத்து வீட்டு தெலு.

அசாபே படித்தாள். கதையில் கணவன் திரும்பி வந்தான். நாயகி கதவைத் திறக்கவில்லை. ஜன்னலை மட்டும் திறந்தாள். முற்றமே குலவையிட்டது.

கடைசி வரிக்குக் கீழே, வழக்கம்போல எழுத்தாளர் உம்மு ரைஹானின் எச்சரிக்கை இருந்தது: ‘பணம் கட்டாமல் இதைப் படித்தவர்களையும், அவர்களுக்கு அனுப்பியவர்களையும் நான் மன்னிக்கவில்லை. அல்லாஹ்வின் முன்னால் பார்த்துக்கொள்வோம்.’

அசாபேயின் முகம் வாடிவிட்டது. ஐந்நூறு நைரா கட்டி அவள்தான் வாங்கினாள். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தன் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவாள். எண்ணூறு பெண்கள்!

“அட, எல்லா எழுத்தாளரும் போடறதுதானே. அதுக்குப் போய் பயப்படறீங்களே!” என்று தெலு சிரித்தாள். “பக்கத்து வீட்டுக்கு உப்பு குடுத்தா பாவமா?”

“உப்பு குடுத்தா நம்ம டப்பாவுல குறையும். இதுல எழுதினவ டப்பாவுலதானே குறையுது?” என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. அசாபேயின் சக்களத்தி ரஹினா, மாசா அப்பங்களைத் திருப்பிக்கொண்டே பேசினாள். இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷமாகியும் அவள் அதிகம் பேசியதில்லை.

“உனக்கென்னடி தெரியும்?” அசாபே சீறினாள். “அந்தக் குழுவுல படுத்த படுக்கையா கிடக்கறவ இருக்கா. புருஷன் கைவிட்டவ இருக்கா. ஐந்நூறு நைரா இல்லாதவ ஒரு மணி நேரம் சிரிக்கக் கூடாதா?”

“சிரிக்கட்டும். எழுதினவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தரமாட்டேன்னா சொல்லியிருப்பா? பாவம், எந்தப் பிள்ளையைத் தூங்க வச்சுட்டு எழுதினாளோ!”

ஹஜ்ஜுக்குப் போகுமுன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று அசாபே இரண்டு நாளாக வீடு வீடாகப் போய்க் கேட்டு முடித்திருந்தாள். சண்டை போட்ட கறிக்கடைக்காரனிடம் கேட்டாயிற்று. ரஹினாவிடம்கூட, முகத்தைப் பார்க்காமல் ஒப்புக்குக் கேட்டுவைத்தாள். இந்த எழுத்தாளரை எப்படி மறந்தோம்?

“யாருக்குத் தெரியப்போகுது? பேசாம போயிட்டு வாங்க” என்றாள் தெலு.

“நான் போறது யார் வீட்டுக்குன்னு மறந்துட்டியா?”

கைப்பேசியை எடுத்தாள். எழுத்தாளரின் எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். “அம்மா, உங்க கதையை எண்ணூறு பேருக்குக் குடுத்தவ நான்தான். நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சேன். உங்களைக் கேக்கணும்னு தோணலை. நாளைக்கு ஹஜ்ஜுக்குப் போறேன். நீங்க மன்னிக்கலேன்னா எந்த முகத்தோட அங்க போய் நிப்பேன்?”

பாங்கு ஒலித்தது. ரஹினா கையைக் கழுவிக்கொண்டு தன் அறைக்குத் தொழப் போனாள். மற்றவர்கள் முற்றத்திலேயே பாய் விரித்தார்கள். நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவில் அசாபே வெகுநேரம் கிடந்தாள்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் கைப்பேசி ‘டிங்’ என்றது.

“பதில் வந்துடுச்சு! படிங்கக்கா, படிங்க!” என்று பெண்கள் மறுபடியும் மொய்த்தார்கள்.

அசாபே திறந்தாள்.

‘மன்னித்துவிட்டேன், எண்ணூறு பேரையும் சேர்த்து. கஅபாவைப் பார்த்ததும் கேட்கிற முதல் துஆவில் மாசா சுடுகிற உங்கள் சக்களத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அக்கா.’