மெஷினுக்குக் குளியல்

"நீங்களே சொல்லுங்க தம்பி, நாங்க என்ன அவ்வளவு மோசமானவங்களா?"

மாடி வீட்டம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட வந்த, வாடகை ஒப்பந்தங்களையும் கவனிக்கும் குடியிருப்புச் சங்கச் செயலாளர் உட்காரக்கூட இல்லை.

அவன் தரையைப் பார்த்தான். மேடையில் ஒற்றை ஆளாக நின்று அரங்கத்தையே சிரிக்க வைப்பவன். வீட்டுக் கூடத்தில் இரண்டு பேருக்கு முன்னால் வாய் திறக்கவில்லை.

அவனுடைய கடைசி நிகழ்ச்சி இப்போது எல்லார் கைபேசியிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலும் ஆளுக்கு ஆள் அனுப்பிச் சிரித்தது இந்தத் துண்டைத்தான்:

"எங்க குடியிருப்புல எல்லாருக்கும் பொதுவா ஒரே வாஷிங் மெஷின். கீழ்த்தளத்துல இருக்கு. நான் போட்டா, என் துணி ஒரு மணி நேரம் குளிக்கும். நான் துணிய எடுத்துட்டுக் கிளம்பினதும், மெஷின் ஒரு மணி நேரம் குளிக்கும். தனியா. வெந்நீர்ல!"

அந்தக் குடியிருப்பில் அவன் வீட்டாரின் நிறத்தில் வேறு குடும்பம் கிடையாது. மெஷின் எதற்குக் குளிக்கிறது என்று யாரும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

காலையில்தான் மனைவி அவனைப் பிடிபிடியென்று பிடித்திருந்தாள்.

"ஏங்க, இந்த மெஷின் விஷயம் உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. குளிக்கும்போது தோணிச்சு."

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகுதான் ஆரம்பித்தாள்.

"தோணினதையெல்லாம் சொல்லிடுவீங்களா? பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ காரை எடுத்துட்டு ஓடி வந்தது அந்த மாடி வீட்டம்மாதான்."

"நான் சொல்றது எல்லாமே பொய்யா? துணிக்கடையில காவலாளி என் பின்னாலயே வந்தானே, அது?"

"ஒருத்தன் வந்தான். மேடையில நாலு பேர்னீங்க."

"நாலு கடையில ஒவ்வொருத்தன் வந்தான். நேரம் மிச்சமாகட்டும்னு ஒரே கடையில சேர்த்துட்டேன்."

"நல்லாப் பேசுங்க. நாளைக்கு நெஜமாவே ஒண்ணு நடந்து நீங்க சொன்னா, எவன் நம்புவான்?"

அது சுருக்கென்று தைத்தது. அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"இந்த மாசத்தோட உங்க வாடகை ஒப்பந்தம் முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. இந்த வீட்டுக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினான் என்பதும் ஞாபகம் இருந்தது. போனில் 'காலியாத்தான் இருக்கு' என்பார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் 'இப்பத்தாங்க கொடுத்தோம்' என்பார்கள். அதை அவன் எந்த மேடையிலும் சொன்னதில்லை. எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் அதில் சிரிப்பு வரவில்லை.

மனைவியைப் பார்த்தான். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிரவில்லை.

"தப்புதாங்க," என்றான். "அது நான் இட்டுக்கட்டினது. மன்னிச்சிடுங்க."

"இட்டுக்கட்டினதா? முழுக்கவா?" என்றார் செயலாளர்.

"முழுக்க. யாரும் என்கிட்ட எதுவும் சொல்லல. நானும் எதையும் பார்க்கல."

செயலாளர் முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாடி வீட்டம்மா நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டார்.

"அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்க தம்பி. ஒரு வாரமா எங்களுக்குள்ள ஒரே சண்டை, உங்ககிட்ட யாரு போட்டுக் கொடுத்தாங்கன்னு!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கைக்குட்டை வாய்க்குப் போயிற்று.

செயலாளர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"ஒப்பந்தத்த இன்னிக்கே கொடுத்தனுப்பிடறேன்," என்றார், கதவைப் பார்த்து நடந்தபடியே. "ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்தே போட்டுக்கலாம். வாடகையும் ஏத்தல."

கதவு சாத்திக்கொண்டது. அவன் அப்படியே சோபாவில் சரிந்தான். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. வீடு தங்கிவிட்டது. அதோடு இன்னொன்றும்.

"கேட்டியா? நான் சொன்னது பொய்யே இல்ல!"

மனைவி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாப்பாவின் சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள்.

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

"உனக்கு... தெரியுமா?"

"குடிவந்த புதுசுல சாக்ஸ் ஒண்ண கீழயே விட்டுட்டு வந்துட்டேன். எடுக்கப் போனா, மெஷின் ஓடிட்டிருந்துச்சு. உள்ள ஒரு துணி இல்ல. கண்ணாடியில கை வெச்சேன், கொதிக்குது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"வீடு கிடைச்சு அப்பத்தான் நீங்க ராத்திரியில தூங்கவே ஆரம்பிச்சிருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவன் வீறாப்பாக எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா காலையில என்னைப் பொய்யன்னு அந்தப் போடு போட்டே?"

"பின்ன?" ஜோடி கிடைத்த சாக்ஸை உருட்டி அவன் மடியில் எறிந்தாள். சிரிப்பை அடக்கியதில் குரல் நடுங்கியது. "நீங்க சொன்னது ஒரு தடவைதானே? அவங்க ரெண்டு தடவை ஓட்டுறாங்க."