அணிலக்காவின் கடலைக் குறிப்புகள்

புதைத்த கடலை எங்கே என்பது அணிலுக்கு மறுநாளே மறந்துவிடும். அதனால் இணையத்தில் தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, புதைத்த கையோடு எழுதிவைத்தது: ‘குழாயடியில் ஒன்று. செம்பருத்திக்குப் பின்னால் இரண்டு.’ அப்படியும் இருப்புக் கொள்ளவில்லை. குறிப்பு பத்திரமாக இருக்கிறதா என்று மணிக்கு நாலு தரம் திறந்து பார்த்தது.

மழை பிடித்துக்கொண்டது. பசியோடு ஓடிப் போய்ப் பார்த்தால், குழாயடியில் வெறும் குழி. செம்பருத்திக்குப் பின்னாலும் குழி. தப்பாக எழுதிவிட்டோமோ என்று பதறிப் பக்கத்தைத் திறந்தது.

அடியில் பெருச்சாளி எழுதியிருந்தது: “அணிலக்கா, உங்கள் குறிப்புகளைத் தினமும் படிக்கிறேன். வழி தப்பவே இல்லை. செம்பருத்திக் கடலையில் ஒன்றுதான் சொத்தை.”

அணிலுக்கு வால் சிலிர்த்தது. “அடடா, நம்மையும் ஒருத்தர் படிக்கிறாரே!”

காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்து, மிச்சக் கடலைகளுக்கும் விளக்கமாக வழி எழுதத் தொடங்கியது.