உப்பு ஒத்தடம்

நண்டு ஓட்டிலிருந்து எடுத்த மருந்து அது. ஊசியில் போனதும் தோளுக்குள் தானே கட்டியாகி, ஒரு வருடம் சிறுகச் சிறுகக் கசிந்து நெஞ்சுப் படபடப்பை அடக்கும்.

"பாட்டிக்கு ஊசி போட்ட எடத்துல சூடு படக்கூடாது தாத்தா," என்றாள் நர்ஸ்.

"ஊசியும் போட்டுட்டுக் கதையும் சொல்றா," என்று மனைவி வீராயியிடம் முணுமுணுத்தார் மொக்கைச்சாமி.

மூன்றாம் நாள் வீராயிக்குத் தோள் கடுத்தது. அவர் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, கட்டி மேலேயே ஒத்தடம் கொடுத்தார். கட்டி கரைந்து தோள் மட்டமானது.

"நர்ஸம்மா பெருசா, நான் பெருசாடி?"

"நீதான்யா. படபடப்புகூட இல்ல. தூக்கமா வருது."

ஒரு வருட மருந்தும் ஒரேயடியாக அவள் நெஞ்சுக்குப் போயிருந்தது. உப்பு ஆறிய பிறகும் அவள் எழவில்லை. நர்ஸ் வந்து நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

அவர் நர்ஸை நம்பவில்லை. மறுபடி உப்பை வறுத்துவந்து, வீராயியின் சில்லிட்ட பாதங்களில் ஒத்திக்கொண்டிருந்தார்.